ஒரு வட்டு கருப்பட்டியும் தன்னிறைவுக் கிராமமும்

பழைய நாஞ்சில் நாட்டு ஊர்கள் தம் தேவையைத் தாமே நிறைவு செய்துகொண்டனவா என்பதில் எனக்கும் இந்த அவையிலுள்ள சிலருக்கும் நெடுங்கால வழக்கு உண்டு. அதை இன்று தீர்த்துவிட விரும்புகிறேன்.

இந்தியக் கிராமங்கள் சிறு குடியரசுகள், வேண்டியவை ஏறக்குறைய எல்லாம் அவற்றுக்குள்ளேயே உண்டு என்று 1830இல் சார்லஸ் மெட்காஃப் எழுதினார். வடநாட்டு ஊர்களைக் கண்டவரின் கூற்று அது. அதை நம்மவர் திருவிதாங்கூர்த் தெற்கிற்கும் நீட்டினார்கள். கொல்லரும் தச்சரும் வண்ணாரும் ஊரிலேயே இருந்து, அறுப்புக் களத்தில் நெல்லாகக் கூலி பெற்றனர் என்பதே அவர்களின் வலுவான சான்று. சான்று மெய்தான், முடிவு அதிலிருந்து வராது. கொல்லர் ஊரில் இருந்தார், அவர் உலையில் காய்ந்த இரும்பு ஊரில் விளையவில்லை.

கருப்பட்டியைப் பாருங்கள். வயலூர் வீட்டில் பணியாரத்துக்கும் பிள்ளை பெற்றவளின் மருந்துக்கும் அது வேண்டும். ஆனால் பனை அடர்ந்து நின்றது அகஸ்தீசுவரத்துச் செம்மண்ணிலும் கல்குளம், விளவங்கோட்டு மேட்டுநிலத்திலும். வயல் வரப்பிலும் பனை நின்றதே என்று மறுப்பார்கள். நின்றது, ஆனால் மரம் இருப்பதால் மட்டும் கருப்பட்டி வராது. பனையேறி காலையும் மாலையும் ஏறிப் பாளை சீவினால்தான் அக்கானி, அதாவது பதநீர், வடியும். இடையில் விட்டால் பாளை காய்ந்துவிடும். வயல் வேலையில் இருப்பவரால் ஆகிற காரியமல்ல இது. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவாவிட்டால் அக்கானி புளித்துக் கள்ளாகும். அந்தச் சுண்ணாம்பு கடலோரத்துக் கிளிஞ்சலைச் சுட்டு எடுத்தது. கலயம் குயவர் சூளையில் வெந்தது. பாகு ஊற்றி உறையவைக்கும் சிரட்டை தென்னந்தோப்பிலிருந்து வந்தது. காய்ச்ச விறகு வேறு வேண்டும். பனங்காட்டுக் குடும்பத்துக்குச் சோற்று நெல் வயலூரிலிருந்தே வரவேண்டும். கருப்பட்டி கிடைப்பதோ ஆண்டில் சில மாதங்கள். மழைக்காலத்தில் கசிந்து உருகாதிருக்க, வயலூர்க்காரர் அதை ஓலைப்பெட்டியில் இட்டு அடுப்புக்கு மேலே புகை படும்படி வைத்தார்கள். அந்தப் பெட்டியும் பனங்காட்டிலிருந்து வந்ததே. ஒரு வட்டு கருப்பட்டிக்குள் மேடும் வயலும் தோப்பும் கடலும் சேர்ந்திருக்கின்றன. தன்னிறைவு என்ற சொல்லை வைத்துக்கொள்வதானால், அதைச் சுமக்கும் அலகு ஊரல்ல, இந்த நிலங்களின் கூட்டு.

காசு பரவிய பிறகே இந்தக் கொடுக்கல் வாங்கல் வளர்ந்தது என்பது அடுத்த மறுப்பு. நெல் அளந்து கருப்பட்டி வாங்கக் காசு தேவையில்லை. காசில்லாத உறவையும் உறவாகவே எண்ண வேண்டும். உழவன் மடியிலிருந்த புகையிலையோ யாழ்ப்பாணத்திலிருந்து கடல் கடந்து வந்தது. 1863 வரை அதன் வாணிகம் அரசின் தனியுரிமை. இதைவிடத் தொலைவான சான்று வேண்டுமா?

உப்பைப் பற்றி விரித்துரைக்க நேரமில்லை. தாமரைக்குளத்து அளம் அருகிலேயே இருந்தும், திருவிதாங்கூர் பிரிட்டிஷ் இந்தியாவோடு செய்த 1865 வாணிக ஒப்பந்தத்துக்குப் பின் உப்பு விலை அங்கிருந்த விலையை ஒட்டியே அமைந்தது. இனி ஆய வேண்டியவை பல உண்டு. கவிமணி தேடியெடுத்த அழகியபாண்டியபுரத்து முதலியார் ஓலைகளையும், திருவனந்தபுரத்தில் உள்ள மதிலகம் ஓலைச் சுருணைகளையும் பொருள் வரவை மட்டும் நோக்கி ஒருவர் மீண்டும் படிக்கலாம். நாஞ்சில் நெல் அந்நகரின் சாலைக் கம்போளத்துக்கு வந்த வழிகள், ஊருக்கு ஊர் மாறிய மரக்கால், பறை அளவுகள், மலையடிவாரத்திலிருந்து வயலுக்கு வந்த தழை உரம் ஆகியவையும் காத்திருக்கின்றன. 1956இல் மாநில எல்லை பிரிந்த பின் நாகர்கோவில் ஆய்வாளரும் திருவனந்தபுரத்து ஆய்வாளரும் பெரும்பாலும் தனித்தனியே நடக்கிறார்கள். முதலில் உப்புக் கணக்கையாவது இருவரும் ஒன்றாகத் தொடங்கட்டும்.