கவிழ்ந்த சீட்டும் கணக்குப் போட்ட மூளையும்



வெற்றிக்குக் காரணம் அறிவா, அதிர்ஷ்டமா? எதிரணித் தலைவர் என்ன சொன்னார்? "வாழ்க்கை ஒரு சீட்டாட்டம் அய்யா, விழுற சீட்டுதான் ஜெயிக்கும்"னார். அப்புறம், சூதுக்கு எதிராக வள்ளுவர் ஓர் அதிகாரமே எழுதினார்னும் சொன்னார். சரி, அவர் எடுத்துப் போட்ட சீட்டையே நானும் எடுத்துக்கிறேன்.

பிரிட்ஜ்னு ஓர் ஆட்டம். நாலு பேர். எதிரெதிரே உட்கார்ந்திருப்பவர்கள் கூட்டாளிகள். ஆளுக்கு 13 சீட்டு. முதலில் ஏலம். ஏலத்தை எடுத்தவர் ஆட வேண்டியவர். அவருக்கு டிக்ளேரர்னு பேர். கூட்டாளி தன் சீட்டை மேஜையில் விரித்து வைத்துவிட்டு டம்மியாக உட்கார்ந்துவிடுவார். (வீட்டில் நம்ம நிலைமைதான்! - சிரிப்பு) டிக்ளேரர் கண்ணுக்கு 26 சீட்டு தெரியும். மீதி 26 சீட்டு, எதிராளிகள் இரண்டு பேர் கையில் மறைஞ்சிருக்கும். அதை எப்படிக் கண்டுபிடிக்கிறது? ஜோசியமா?

ஏலம் பேச ஒரு கணக்கு உண்டு. ஏஸுக்கு 4, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2, ஜாக்கிக்கு 1. ஒரு கட்டுக்கு மொத்தம் 40 பாயிண்ட். இப்ப டிக்ளேரருக்கு டைமண்ட் ராணி ஒண்ணுதான் தலைவலி. இடப்பக்கத்தவரிடம் இருந்தால் ஒரு மாதிரி ஆடணும், வலப்பக்கத்தவரிடம் இருந்தால் வேற மாதிரி. தப்பினால் ஆட்டம் போச்சு. எதிரணித் தலைவராக இருந்தால் காசைச் சுண்டியிருப்பார். நல்ல ஆட்டக்காரர் என்ன செய்வார் தெரியுமா? டைமண்டைத் தொடவே மாட்டார். மற்றதை எல்லாம் முதலில் ஆடுவார். கிளாவரில் ஏஸும் ராஜாவும் இடப்பக்கத்தவர் போட்டார், 7 ஆச்சு. ஆட்டினில் ராஜா, ஜாக்கி, அதுவும் அவரே போட்டார், 11 ஆச்சு. ஏலத்தில் முதலில் வாய் திறக்க வேண்டியவரும் அவரேதான். அப்ப என்ன சொன்னார்? 'பாஸ்'னார். ராணியும் அவரிடம் இருந்திருந்தால் 13. கையில் 13 பாயிண்டை வச்சுக்கிட்டு எந்த ஆட்டக்காரரும் சும்மா இருக்க மாட்டார். அப்ப ராணி எங்கே? வலப்பக்கத்தில்!

பாருங்க, அவர் பேசின பேச்சிலிருந்து இதைக் கண்டுபிடிக்கலை. பேசாத பேச்சிலிருந்து கண்டுபிடிச்சார். பரீட்சை மார்க் வந்த அன்னைக்குப் பையன் சத்தமில்லாமல் உள்ளே போய்ப் படுத்துக்கிட்டால், அம்மாவுக்கு மார்க் ஷீட் வேணுமா? சூதுக்கு ஒரே ஒரு அதிகாரம் எழுதிய அதே வள்ளுவர், 'குறிப்பறிதல்'னு ஒரே தலைப்பில் இரண்டு அதிகாரம் எழுதியிருக்கார் அய்யா! 71-ஆவது அரசவைக்கு, 110-ஆவது காதலர்களுக்கு. (கைதட்டல்)

"கணக்கெல்லாம் சரி, 13 சீட்டு விழுந்தது அதிர்ஷ்டம்தானே?" என்பீர்கள். அதிர்ஷ்டம்தான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் போட்டிகளில் அதற்கும் ஒரு மருந்து வைத்திருக்கிறார்கள். டூப்ளிகேட்னு பேர். ஆடி முடிந்ததும் சீட்டைக் கலைக்க மாட்டார்கள். அவரவர் 13 சீட்டையும் ஒரு பலகையின் பையில் அப்படியே செருகி அடுத்த மேஜைக்கு அனுப்பிவிடுவார்கள். எனக்கு வந்த மட்டமான சீட்டு, அங்கே என் இடத்தில் உட்கார்ந்திருப்பவருக்கும் வரும். அதே சீட்டை வச்சு அவர் எத்தனை பிடி எடுத்தார், நான் எத்தனை பிடி எடுத்தேன் என்பதுதான் மதிப்பெண். தலைவிதி எல்லாருக்கும் ஒரே பிரதி!

2018-இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் பிரிட்ஜை முதன்முதலாகச் சேர்த்தார்கள். ஆண்கள் இணை ஆட்டத்தில் தங்கம் யாருக்கு? நம்ம இந்தியாவின் பிரணாப் பர்தனுக்கும் சிப்நாத் சர்க்காருக்கும். அப்போது ஒருவருக்கு வயது 60, இன்னொருவருக்கு 56! பல நாள், பல எதிராளிகள், அத்தனை ஆட்டம். அத்தனையிலும் அதிர்ஷ்ட தேவதை அந்த இரண்டு பேர் மடியிலேயே உட்கார்ந்திருந்தாளா? அவளுக்கு வேற வேலையே இல்லையா?

நடுவர் அவர்களே! உங்கள் தீர்ப்பும் இப்போதைக்குக் கவிழ்ந்த சீட்டுதான். ஆனால் எதிரணித் தலைவர் பேசினப்ப நீங்க மூன்று தடவை கைக்கடிகாரத்தைப் பார்த்தீங்க. நான் பேசினப்ப ஒரு தடவைகூடப் பார்க்கலை. ராணி எங்கே இருக்குன்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு. (பலத்த கைதட்டல்)