குடியுரிமையும் இடையறாத வாழ்வும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



பாட்டும் நாடகமும் கண்டு மகிழ வந்துள்ள உங்கள் முன்னே, சட்டத்தைப் பற்றிப் பேச நான் வந்து நிற்கிறேன். சுவை குறைந்த பொருள்தான். ஆயினும் நம் பிள்ளைகளின் வாழ்வோடு ஒட்டிய பொருள் ஆதலின், சற்றே பொறுமையுடன் செவிசாய்க்க வேண்டுகிறேன்.

பாலக்காட்டுப் பகுதியிலும் இடுக்கி மலைகளிலும் வாழும் நம்மிற் பலருடைய முன்னோர், பிழைப்பை நாடி மலையேறியவர்கள். கம்பத்திலிருந்து குமுளி வழியாக வந்தவர் உண்டு. போடிமெட்டு ஏறி வந்தவர் உண்டு. 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மாநிலங்கள் திருத்தி அமைக்கப்பட்டபோது, சென்னை மாநிலத்து மலபார் மாவட்டத்தில் இருந்த பாலக்காடும், திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த தேவிகுளம், பீர்மேடு வட்டங்களும் கேரளத்தில் அமைந்தன. எல்லை மாறிற்று, குடியுரிமை மாறவில்லை. இந்நாட்டில் குடியுரிமை ஒன்றே அன்றோ? வேலை போனால் நாம் ஊருக்குத் திரும்பலாம். ஈராண்டு கழித்து மீண்டும் மலைக்கு வரலாம். அதனால் நாம் நாடற்றவர் ஆகிவிடுவதில்லை.

இதே பஞ்ச காலத்தில், இதே வறுமையால் உந்தப்பட்டு, மலையேறாமல் கடல் கடந்தவர்களின் நிலை வேறு. அவர்களின் வழித்தோன்றல்கள் நமக்கு அயலார் அல்லர். வண்டிப்பெரியாறு வழியாகச் சென்றால் அடையும் கவி என்னும் ஊரில், கேரள வனவளர்ச்சிக் கழகத்தின் ஏலத்தோட்டங்களில் குடியமர்த்தப்பட்டவர்கள் அவர்கள். 1976-ஆம் ஆண்டில் புனலூரைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கப்பட்ட மறுவாழ்வுத் தோட்ட நிறுவனத்தின் ரப்பர்க் காடுகளில் பால் வடித்தவர்களும் அவர்களே. இலங்கையை விட்டு அவர்கள் ஏன் வந்தனர் என்பதை நம் பிள்ளைகள் அறிதல் வேண்டும்.

இலங்கை 1948-ஆம் ஆண்டு பிப்ரவரி 4-ஆம் நாள் விடுதலை பெற்றது. அவ்வாண்டே குடியுரிமைச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. தானும் தந்தையும் அந்நாட்டில் பிறந்தமையை, அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் அங்குப் பிறந்தமையை ஒருவன் மெய்ப்பிக்க வேண்டும். லயத்தில் பிறந்து கொழுந்துக் கூடையோடு வளர்ந்த தொழிலாளி, தன் பூட்டனின் பிறப்புச் சான்றை எங்கே தேடுவான்?

அடுத்த ஆண்டில், 1949-இல், இந்திய பாகிஸ்தானிய வதிவாளர்க்கென மற்றொரு சட்டம் வந்தது. நெடுநாள் வாழ்ந்தமையைக் காட்டி விண்ணப்பித்துக் குடியுரிமை பெறும் வழி அது. அதன் நிபந்தனைகள் இரண்டினை மட்டும் இங்கே எடுத்துரைக்கிறேன்.

முதலாவது, இடையறாத வாழ்வு. 1946 ஜனவரி முதல் நாளுக்கு முன்பு, மணமானவர் 7 ஆண்டும் மணமாகாதவர் 10 ஆண்டும் தொடர்ந்து இலங்கையில் வாழ்ந்திருத்தல் வேண்டும். விண்ணப்பிக்கும் நாள்வரை அவ்வாழ்வு தொடரவும் வேண்டும். இடையில் ஒருமுறை பன்னிரண்டு மாதத்திற்கு மேல் வெளியே தங்கினால் தொடர்ச்சி அறுந்துவிடும். தாயின் நோய்க்காகவோ தங்கையின் திருமணத்திற்காகவோ ஊர் வந்தவன் ஓராண்டு கடந்துவிட்டால், அதற்கு முன் உழைத்த காலம் கணக்கில் சேராது. 1939-ஆம் ஆண்டில் இந்திய அரசு இலங்கைக்குத் தொழிலாளர் செல்வதைத் தடை செய்ததையும், பின்னர் உலகப்போர் மூண்டதையும் இங்கே நினைவுகூர்தல் வேண்டும். கணக்கிடப்படும் ஆண்டுகளோ பெரும்பாலும் அவ்வாண்டுகளே!

இரண்டாவது, பிழைப்பு. நியாயமான வருவாயோ, தக்க தொழிலோ, முறையான பிழைப்பு வழியோ தனக்கு உண்டென விண்ணப்பதாரர் காட்டவேண்டும். தோட்டத்தில் வேலையும் லயத்து அறையும் ஒன்றோடொன்று பிணைந்தவை. வேலை போனால் அறை போகும். அறை போனால் முகவரி போகும். முகவரி போனால் வாழ்ந்ததற்குச் சான்றும் போகும். வேலையிழந்தவன் குடியுரிமைக்கும் தகுதியிழந்தவனாக நின்றான்.

1951 ஆகஸ்டு 5-ஆம் நாளோடு விண்ணப்பக் கெடு முடிந்தது. ஏறத்தாழ எட்டே கால் இலட்சம் பேருக்காக விண்ணப்பங்கள் குவிந்தன. குடியுரிமை பெற்றவரோ ஏறத்தாழ 1,34,000 பேர் மட்டுமே. எஞ்சியோரை ‘நாடற்றவர்’ என்றது உலகம்.

பின்னர் 1964 அக்டோபர் 30-ஆம் நாள் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதெனவும், எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு முடிவு செய்வதெனவும் இரு அரசுகளும் உடன்பட்டன. 1974-இல் அந்த எஞ்சியோரையும் பாதிப் பாதியாகப் பகிர்ந்தனர். பங்கிடப்பட்டவை மூட்டைகள் அல்ல, அன்பர்களே, குடும்பங்கள்! அண்ணன் அக்கரையிலும் தம்பி இக்கரையிலுமாகப் பிரிந்த வீடுகள் பல.

இலங்கை அரசும் பின்னாளில் தன் சட்டத்தைத் திருத்திற்று. 1988-இலும் 2003-இலும் வந்த சட்டங்கள் நாடற்றோருக்குக் குடியுரிமை அளித்தன. அப்போதும், போருக்கு அஞ்சி இந்தியாவில் அகதியாக இருந்தவர்க்கு ‘நிலையான வதிவு’ என்னும் நிபந்தனை தடையாயிற்று. அத்தடையை 2009-ஆம் ஆண்டின் திருத்தம் நீக்கியது. நாட்டை விட்டு ஒருவன் விரும்பிச் சென்றானா, வேறு வழியின்றிச் சென்றானா என்று பார்த்தலே அறம் என்பதற்கு இஃதொரு சான்று.

நிற்க. நம் நாட்டுச் சட்டம் யாது கூறுகிறது? 1955-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டப்படி, அயல்நாட்டார் ஒருவர் விண்ணப்பித்துக் குடியுரிமை பெற, விண்ணப்பத்திற்கு முந்தைய 12 மாதம் தொடர்ந்து இங்கே இருந்திருக்க வேண்டும். அதற்கு முந்தைய 14 ஆண்டுகளில் மொத்தம் 11 ஆண்டு வாழ்ந்திருக்கவும் வேண்டும். அண்டை நாடுகள் மூன்றிலிருந்து வந்த சில சமயத்தார்க்கு மட்டும் 2019-ஆம் ஆண்டின் திருத்தம் இக்காலத்தை 5 ஆண்டாகக் குறைத்தது. இலங்கை அவற்றுள் இல்லை. நல்லொழுக்கமும், அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணை மொழிகளுள் ஒன்றில் போதிய அறிவும் வேண்டும். தமிழும் அவற்றுள் ஒன்று. வேலையும் வருவாயும் அந்நிபந்தனைகளுள் இல்லை. ஆயினும் உரிய ஆவணமின்றி நாட்டிற்குள் வந்தவர்க்கு இவ்வழி அடைபட்டுள்ளது.

வளைகுடா நாடுகளுக்குச் செல்லும் இளைஞர்கள் ஒன்றைக் கருத்திற் கொள்க. பிறப்பால் இந்தியக் குடிமகனானவன் எத்தனை ஆண்டு அயல்நாட்டில் உழைத்தாலும், வேலையிழந்து திரும்பினாலும், அதனாலேயே குடியுரிமை இழப்பதில்லை. தானே விரும்பி வேற்று நாட்டுக் குடியுரிமையை ஏற்றால் இழப்பான். விண்ணப்பித்தோ, அயல்நாட்டிலிருந்தபோது பதிவு செய்தோ குடியுரிமை பெற்றவர் நிலை வேறு. அவர் தொடர்ந்து 7 ஆண்டு வெளிநாட்டில் தங்கினால், அரசு அதனைப் பறித்தல் கூடும். மாணவரும் அரசுப் பணியாளரும் இதற்கு விலக்கு. ஏனையோர் ஆண்டுதோறும் இந்தியத் தூதரகத்தில் தம் எண்ணத்தைப் பதிவு செய்து காத்துக்கொள்ளலாம். இந்த ஒரு தாளை மறவாதீர்கள்.

தாய்மார்களே! பெட்டியின் அடியில் கிடக்கும் பழைய தாள்களைப் பயனற்றவை என்று எண்ணாதீர்கள். பாட்டனாரின் கடவுச்சீட்டு, குடும்ப அட்டை, பிள்ளையின் பிறப்புச் சான்று, பள்ளி மாற்றுச் சான்று, தோட்டத்து வேலைப்பதிவு ஆகிய அனைத்தையும் ஒருசேரக் கட்டி வையுங்கள். படி எடுத்து வையுங்கள். 1987 ஜூலை முதல் நாள் தொட்டு, இம்மண்ணில் பிறந்தால் மட்டும் போதாது. பெற்றோரின் குடியுரிமையும் பார்க்கப்படுகிறது. ஆகவே உங்கள் தாள் உங்கள் பிள்ளையின் உரிமைக்கு வேர்.

காலனியில் உள்ள எழுதப் படிக்கத் தெரிந்த இளைஞர்கள், ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் முதியோரின் ஆவணங்களைச் சரிபார்த்து, விண்ணப்பம் எழுதி உதவுவார்களாயின், அதனினும் சிறந்த சங்கப்பணி வேறில்லை. முப்பது ஆண்டு தேயிலை பறித்த கைக்கு, அங்கே வாழ்ந்ததற்குச் சான்றில்லை என்று ஒரு காலத்தில் கூறினார்கள். அச்சொல்லை நம் காலனியில் எந்த வீட்டாரும் கேட்கலாகாது.