பிள்ளையின் நித்திரையும் தாயின் நித்திரையும்

(நூற்றாண்டு விழாவையொட்டிய சுகாதாரக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நூற்றாண்டு விழாவில் பேசுவதற்கு நித்திரையும் ஒரு பொருளா என்று சிலர் நினைக்கலாம். எங்கள் வகுப்புகளின் வட்ஸ்அப் குழுக்களைப் பார்ப்பவர்கள் அப்படி நினைக்கமாட்டார்கள். "பிள்ளை இரவிரவாக நித்திரை கொள்ளுதில்லை, என்ன செய்யிறது?" என்று ரொறன்ரோவில் இருந்தோ லண்டனில் இருந்தோ ஒரு தங்கை கேட்பாள். அங்கே அப்போது நேரம் விடிய மூன்று மணியாக இருக்கும். ஊரில் இருந்து அம்மம்மா ஏணை கட்டச் சொல்கிறார். அங்குள்ள தாதி, ஏணை வேண்டாம், தட்டையான கட்டிலில் மல்லாக்கக் கிடத்து என்கிறார். இரண்டு பேரும் அன்போடுதான் சொல்கிறார்கள். நடுவில் நிற்கும் தாய்க்கோ தான் ஏதோ பிழைவிடுவதாக ஒரு நினைப்பு. இன்று நாம் பேசவேண்டியது அந்தத் தாய்க்காகத்தான்.

முதலில், எது இயல்பு என்று பார்ப்போம். பிறந்த பிள்ளை முதல் மூன்று மாதங்களில் ஒரு நாளைக்கு 14 முதல் 17 மணித்தியாலம் வரை நித்திரை கொள்ளும். நான்கு மாதத்தில் இருந்து ஒரு வயது வரை, பகல் நித்திரையும் சேர்த்து 12 முதல் 16 மணித்தியாலம். ஆனால் அது துண்டுதுண்டான நித்திரை. எமது நித்திரையின் ஒரு சுற்று ஏறக்குறைய 90 நிமிடம். சிசுவின் சுற்று ஒரு மணித்தியாலத்துக்கும் குறைவு. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் அது மேலோட்டமாக விழிக்கும். இரவு, பகல் என்ற வேறுபாடு அதன் உடலுக்குத் தெரியவே இரண்டு மூன்று மாதம் செல்லும். வயிறும் சிறியது. ஆகவே இரவில் எழும்பிப் பால் கேட்பது நோயுமல்ல, பழுதான பழக்கமுமல்ல. பால் சுரக்கச் செய்யும் புரோலக்ரின் இரவில் கூடுதலாக இருப்பதால், இரவுப் பால் தாய்க்கும் நன்மையே.

கனடாவில் மொன்றியல் ஆய்வாளர்கள் 2018 இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், ஆறு மாதப் பிள்ளைகளில் நூற்றுக்கு 38 பேர் தொடர்ந்து ஆறு மணித்தியாலம் நித்திரை கொள்ளவில்லை. ஒரு வயதிலும் நூற்றுக்கு 28 பேர் அப்படியே இருந்தார்கள். அவர்களுடைய அறிவு வளர்ச்சியிலோ உடலியக்க வளர்ச்சியிலோ எந்தக் குறையும் காணப்படவில்லை. "எங்கட பிள்ளை இரண்டாம் மாதமே விடியும்வரை நித்திரை" என்று யாராவது சொன்னால் மகிழ்ச்சியோடு கேளுங்கள். உங்கள் பிள்ளையை அதோடு ஒப்பிடாதீர்கள்.

இரண்டாவது, பாதுகாப்பு. இதில் விட்டுக்கொடுக்க இடமில்லை. பிள்ளையை எப்போதும் மல்லாக்கக் கிடத்த வேண்டும். பிரித்தானியாவில் 1991 இலும் அமெரிக்காவில் 1994 இலும் இந்த ஒரு செய்தியை வீடுவீடாகக் கொண்டுசென்றார்கள். அதன்பின் திடீர்ச் சிசு மரணங்கள் அங்கே ஏறக்குறைய பாதியாகவும் அதற்குக் கீழாகவும் குறைந்தன. படுக்கை தட்டையாகவும் இறுக்கமாகவும் இருக்கட்டும். தலை உருண்டையாக வரவேண்டும் என்று வைக்கும் தலையணை, பஞ்சுப் பொம்மை, தடித்த போர்வை எதுவும் வேண்டாம். தலையின் வடிவம் பற்றிக் கவலையென்றால், விழித்திருக்கும் நேரத்தில் எம் கண்முன்னே சிறிது நேரம் குப்புறக் கிடத்தினால் போதும். ஆறு மாதம் வரையாவது பிள்ளை பெற்றோரின் அறையிலேயே, ஆனால் தனிப் படுக்கையில் கிடக்கட்டும். களைத்துப்போய்ப் பிள்ளையோடு சோபாவில் உறங்கிவிடுவது மிக ஆபத்தானது. வீட்டுக்குள் புகைபிடித்தலும் கூடாது. குளிர்நாட்டில் வீட்டுக்குள் தொப்பி போட்டு, துணிமேல் துணி சுற்றிப் படுக்கவைப்பவர்கள் அளவுக்கு மீறிய சூட்டையும் நினைவில் வைக்க வேண்டும்.

அப்படியானால் ஏணை? நம்மில் பலர் ஏணையில் வளர்ந்தவர்கள்தான். ஆனால் துணியின் வளைவில் சிறு பிள்ளையின் நாடி நெஞ்சோடு முட்டினால் மூச்சுவழி அடைபடலாம். புரண்டு விழவும் கூடும். அந்நாளில் ஏணைக்குப் பக்கத்தில் எப்போதும் ஓர் ஆள் இருந்தார் என்பதை மறக்கக்கூடாது. அந்த ஆள் இல்லாத தொடர்மாடி வீட்டில், பூட்டிய அறைக்குள், இரவு முழுவதும் ஏணையில் விடுவது சரியல்ல. ஏணை கட்டுவதானால் நாம் பக்கத்தில் விழித்திருக்கும் நேரத்துக்கு மட்டும் இருக்கட்டும். கண்ணயர்ந்ததும் தட்டையான படுக்கைக்கு மாற்றிவிட வேண்டும்.

ஏணையைக் குறைத்தாலும் அம்மம்மாவின் மற்றக் கைமருந்தை விட வேண்டியதில்லை. அழும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு முற்றத்தில் நடப்பார் அல்லவா? யப்பானிய ஆய்வாளர்கள் 2022 இல் வெளியிட்ட ஓர் ஆய்வில் 21 சிசுக்களிடம் இதைச் சோதித்தார்கள். ஐந்து நிமிடம் தூக்கிக்கொண்டு நடந்தபோது பிள்ளைகள் அமைதியடைந்தன. பல உறங்கியும் போயின. உறங்கியவுடன் கிடத்தினால் சில விழித்துக்கொண்டன. மேலும் ஐந்து முதல் எட்டு நிமிடம் மடியில் வைத்திருந்து கிடத்துவது நல்லது என்பது அவர்களின் முடிவு. சிறிய ஆய்வுதான், ஆனால் காசு செலவில்லாத வழி.

மூன்றாவது, பழக்கம். பிறந்த சில கிழமைகளில் பழக்கம் என்று ஒன்றும் இல்லை. கேட்கும்போது பால் கொடுத்தால் போதும். இரண்டு மூன்று மாதத்தில் இருந்து மெல்லத் தொடங்கலாம். காலையில் சன்னலைத் திறந்து வெளிச்சம் காட்டுங்கள். பகலில் வீட்டுச் சத்தம் வழக்கம்போல் இருக்கட்டும். இரவுப் பால் மங்கிய வெளிச்சத்தில், பேச்சுக் குறைத்து, கைத்தொலைபேசி இல்லாமல் நடக்கட்டும். மாலையில் ஒவ்வொரு நாளும் ஒரே ஒழுங்கு: உடல் கழுவுதல் அல்லது துடைத்தல், உடுப்பு மாற்றுதல், பால், ஒரு தாலாட்டு, பிறகு விளக்கு அணைத்தல். அரை மணித்தியாலம் போதும். தாலாட்டுக்கு நல்ல குரல் தேவையில்லை. அப்பாவும் பாடலாம்.

நான்கு, ஐந்து மாதமானால், கண் சொருகும் நிலையில், முழுதாக உறங்கமுன் கிடத்திப் பாருங்கள். காரணம் எளியது. நடு இரவில் எல்லாப் பிள்ளைகளும் விழிக்கும். மார்பிலோ ஆட்டத்திலோ உறங்கிய பிள்ளை, விழிக்கும்போது அதைக் காணாமல் அழும். கிடந்த இடத்திலேயே உறங்கிய பிள்ளை பலமுறை தானாகவே மறுபடி உறங்கிவிடும். முதல் நாளே பலிக்காது. அழுதால் தூக்குங்கள், நாளைக்கும் ஒரு நாள் இருக்கிறது.

ஆறு மாதத்துக்குப் பின்னும் இரவுகள் தாங்க முடியாதவையாக இருந்தால், சிறிது நேரம் விட்டுவிட்டுப் போய்த் தேற்றும் முறையும், பக்கத்தில் இருந்து நாளுக்கு நாள் கதிரையைத் தள்ளிப்போடும் முறையும் உண்டு. மெல்பேணில் 326 குடும்பங்களோடு செய்த ஆய்வில், இம்முறைகளைப் பழக்கிய பிள்ளைகளை ஆறு வயதில் மீண்டும் பார்த்தார்கள். மனநிலையிலோ தாயோடுள்ள உறவிலோ கெடுதி எதுவும் தெரியவில்லை. விசேட நன்மையும் அந்த வயதில் தெரியவில்லை. விரும்பியவர்கள் செய்யலாம், மனம் ஒப்பாதவர்கள் செய்யாமல் விடலாம். எது செய்தாலும் நல்ல தாய்தான்.

செய்யக்கூடாதவை சில. நித்திரை வரும் என்று சளி மருந்தோ ஒவ்வாமை மருந்தோ கொடுப்பது உயிருக்கு ஆபத்து. ஆறு மாதத்துக்கு முன் விசுக்கோத்தைக் கரைத்துப் போத்தலில் கொடுப்பதும் வேண்டாம். மூன்று மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைக்குக் காய்ச்சல், பால் குடிக்க எழுப்ப முடியாத சோர்வு, மூச்சு விட்டுவிட்டு வருதல், உதடு நீலமாதல் என்றால் உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

கடைசியாக, தாயின் நித்திரை. 1926 இல் களுத்துறையில் நம் நாட்டின் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கியது. எமது சங்கத்தின் வயதுதான் அதற்கும். அந்த வழியில் வளர்ந்த சேவையால், இன்றும் குடும்பநல உத்தியோகத்தர் படலையைத் திறந்துகொண்டு தாயைப் பார்க்க வருகிறார். வெளிநாட்டில் தனித்திருக்கும் தங்கைக்கும், இங்கே 84 நாள் லீவு முடிந்து வேலைக்குப் போகும் தங்கைக்கும் இரவில் துணைக்கு ஆள் இல்லை. பிள்ளை உறங்கும்போதும் உறங்க முடியாமை, காரணமில்லாத அழுகை, எதிலும் பற்றின்மை, பிள்ளைக்கோ தனக்கோ தீங்கு செய்துவிடுவேனோ என்ற எண்ணம் ஆகியவை வெறும் களைப்பல்ல. பேற்றுக்குப் பின் வரும் மனச்சோர்வாக இருக்கலாம். அதற்கு நல்ல சிகிச்சை உண்டு. தாமதிக்காமல் வைத்தியரிடம் சொல்ல வேண்டும்.

இங்கேதான் நமக்கு வேலை இருக்கிறது. எந்த நகரத்திலும் நம் பாடசாலைப் பிள்ளைகள் நான்கைந்து பேராவது இருக்கிறோம். புதுத்தாயின் வீட்டுக்குப் போகும்போது உடுப்புப் பெட்டியோடு மட்டும் போகாமல், ஒரு நேரச் சோறும் கறியும் கொண்டுபோவோம். இரண்டு மணித்தியாலம் பிள்ளையை நாம் வைத்திருந்து, அவளைப் படுக்கச் சொல்வோம். "பிள்ளை நித்திரை கொள்ளுதோ?" என்று எல்லோரும் கேட்பார்கள். "நீ நித்திரை கொண்டியோ?" என்று நாம் கேட்போம். விடுதியில் காய்ச்சல் வந்த தங்கைக்குப் பக்கத்தில் இருந்த அக்காமாரின் பாடசாலை இது. எமக்கு இது புதிய பழக்கமல்ல.