மௌனப்பட நோட்டீசும் நம் மாவட்டமும்

(நாகர்கோவிலில் நடந்த சமூக அறிவியல் ஆசிரியர் பயிற்சியில் பேசியது)



படம் பேசாத காலத்தில் சத்தமெல்லாம் வெளியிலிருந்துதான் வந்தது. மாட்டுவண்டியில் இரு பக்கமும் தட்டி கட்டி, மேளத்தோடு தெருத்தெருவாகப் போவார்கள். வண்டியிலிருந்து நோட்டீஸ் பறக்கும். பிள்ளைகள் பின்னாலேயே ஓடுவார்கள். கொட்டகைக்குள், திரையில் வரும் எழுத்தை வாசிக்கத் தெரியாதவர்களுக்காக ஒருவர் நின்று உரக்கக் கதை சொல்வார். கோவை சாமிக்கண்ணு வின்சென்ட் 1905இல் ரயில்வே வேலையை விட்டுவிட்டு, ஒரு பிரெஞ்சுக்காரரிடம் வாங்கிய கருவியோடு ஊர் ஊராகக் கூடாரம் போட்டதை நாம் படித்திருக்கிறோம்.

நம் மாவட்டத்துக்கும் இதில் பெரிய பங்கு உண்டு. அகஸ்தீஸ்வரத்தைச் சேர்ந்த ஜே.சி. டேனியல் சொத்தை விற்று, திருவனந்தபுரத்தில் ஸ்டுடியோ அமைத்து, ‘விகதகுமாரன்’ எடுத்தார். மலையாளத்தின் முதல் படம் அது. கேபிட்டல் தியேட்டரில் வெளியானது. நெடுங்காலம் 1928 என்று எழுதினார்கள். 1930 அக்டோபர் 23 என்று பின்னர் வந்த ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். இப்படிப்பட்ட வழக்கைத் தீர்க்க, தேதி போட்ட ஒரு துண்டு நோட்டீஸ் போதும்.

கதாநாயகி பி.கே. ரோசி, தலித் பெண். அவர் நாயர் பெண்ணாக நடித்ததைப் பொறுக்காமல் திரைமேல் கல்லெறிந்தார்கள். அவர் ஊரைவிட்டே போக வேண்டியதாயிற்று. பிறகு வேறு பெயரில் நாகர்கோவிலில் வாழ்ந்தார் என்று அவரைத் தேடிப் போனவர்கள் எழுதியிருக்கிறார்கள். நாம் உட்கார்ந்திருக்கும் இதே ஊர்! படத்தின் ஒரு பிரதிகூட இன்று இல்லை.

டேனியலின் உறவினர் ஆர். சுந்தர்ராஜ் 1933இல் ‘மார்த்தாண்ட வர்மா’வைத் தயாரித்தார். சி.வி. ராமன் பிள்ளையின் நாவல்தான் கதை. உரிமை வைத்திருந்த பதிப்பகம் வழக்குப் போட்டது. படம் நின்றது, பிரதி பதிப்பகத்தின் கைக்குப் போனது. அங்கேயே கிடந்ததால் தப்பியது. 1974இல் புனே திரைப்பட ஆவணக் காப்பகம் அதை மீட்டது. நாலு ஊர் சுற்றியிருந்தால் தேய்ந்து போயிருக்கும் என்றே நினைக்கிறேன்.

எட்டாம் வகுப்பில் இந்தப் படத்துக்கு நோட்டீஸ் எழுதச் சொன்னேன். “டீச்சர், இது தமிழ்ப் படமா, மலையாளப் படமா?” என்று ஒரு பையன் கேட்டான். படத்தில் யாரும் பேசவில்லையே! அன்று அகஸ்தீஸ்வரம் திருவிதாங்கூரில் இருந்தது, 1956 நவம்பர் 1இல்தான் நாம் தமிழ்நாட்டோடு சேர்ந்தோம் என்று வரைபடம் போட்டுக் காட்டினேன். பாடப்புத்தகத்தில் ஒரு வரியில் முடிகிற எல்லைப் பிரிப்புக்கு அன்று முழுப் பீரியடும் போனது. போனால் போகட்டும். தமிழ்த் திரை வரலாறு எழுதுபவர்கள் டேனியலை மலையாளி என்று விட்டுவிடுகிறார்கள். கேரளமோ அவர் உயிரோடு இருந்தவரை பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1975இல் இறந்தார். அவர் பெயரில் விருது வந்தது 1992இல்.

உங்கள் பள்ளிப் பிள்ளைகளின் வீட்டுப் பரணில், பழைய டிரங்குப் பெட்டியில், கணக்கு நோட்டின் அட்டைக்குள் பழைய சினிமா நோட்டீஸ் இருந்தால் போனில் படம் எடுத்து வையுங்கள். அடி ஓரத்தையும் சேர்த்து எடுங்கள். அச்சகத்தின் பெயர் பெரும்பாலும் அங்கேதான் பொடி எழுத்தில் இருக்கும்.