நஞ்சைப் பிரிக்கும் தூண்

வன்னிப் பெருநிலத்திற் காலபோக நெல் முற்றித் தலைசாயும் காலத்தில், இரணைமடுவின் கீழும் முத்தையன்கட்டின் கீழும் பாவற்குளத்தின் கீழும் உள்ள வயல்களில் மக்கள் இறங்குவர். எலியைத் தேடி வந்த புடையனும் அதே வயலின் வரம்போரத்துப் புல்லில் அசையாது கிடக்கும். தமிழ்நாட்டார் கண்ணாடி விரியன் என்று வழங்கும் பாம்பையே இந்நாட்டார் புடையன் என்பர். அதன் கடிக்கு ஆளானவனின் காலிற் கடும் நோவும் வீக்கமும் தோன்றும். இரத்தம் உறையும் தன்மையை இழக்கும். சிலருக்குச் சிறுநீரகமும் பழுதுறும். இவற்றோடு வேறொரு குறியும் உண்டு. கடியுண்டவனுடைய கண்ணிமைகள் மெல்ல மெல்லத் தொங்கத் தொடங்கும். நித்திரை வருகிறது போலும் என்று அருகில் இருப்போர் எண்ணுவர். அது நித்திரையன்று. நரம்பு இட்ட கட்டளை தசையைச் சென்று சேரவில்லை என்பதே அதன் பொருள்.

புடையன் கடியில் இவ்வாறு இமை தொங்குவது இலங்கைக்கும் தென்னிந்தியாவுக்கும் உரிய குறி என்று மருத்துவ ஆய்வாளர் கூறுவர். அவ்வாறாயின் இப்பாம்பின் நஞ்சில் அதனைச் செய்யும் பொருள் யாது? நஞ்சு என்று ஒரு சொல்லாற் குறித்தாலும், அது பல புரதங்கள் கூடிய கலவை. ஒன்று இரத்தத்தைக் கெடுக்கும். ஒன்று தசையைச் சிதைக்கும். ஒன்று நரம்பின் நுனியைத் தாக்கும். சந்தைக் கூட்டத்தில் ஒருவன் பணப்பையைத் திருடிவிட்டால், கூட்டம் முழுவதையும் விலங்கிடுவதாற் பயனில்லை. ஒவ்வொருவராகத் தனியே நிறுத்திச் சோதித்தல் வேண்டும். நஞ்சின் புரதங்களை அங்ஙனம் தனித்தனியே நிறுத்தும் கருவியே திரவக் குரோமட்டோகிராபிக் கருவி.

பெயர் பெரிதாயினும் அதன் தத்துவத்தைப் பாடசாலைப் பிள்ளைகள் அறிவர். மை ஒற்றும் தாளிலே கறுப்பு மையாற் புள்ளியிட்டு, தாளின் நுனியை நீரில் தோய்த்தால், நீர் மேலே ஏற ஏறக் கறுப்புப் புள்ளி நீலமும் சிவப்பும் மஞ்சளுமாகப் பிரியும். ஒன்றாக நின்ற நிறங்கள் வெவ்வேறு வேகத்தில் நடந்தமையால் வேறாயின. இதனை ஒழுங்கானதோர் ஆய்வுமுறை ஆக்கியவர் மிகாயில் சுவெற் என்னும் ருஷ்யத் தாவரவியலாளர். சுண்ணப்பொடியைக் கண்ணாடிக் குழாயில் இறுக்கி, அதன் மேல் இலைச்சாற்றை ஊற்றிப் பச்சை நிறங்களையும் மஞ்சள் நிறங்களையும் வளையம் வளையமாகப் பிரித்துக் காட்டினார். 1906 இல் அம்முறைக்கு நிறத்தின் எழுத்து எனப் பொருள்படக் கிரேக்கச் சொற்களாற் பெயரும் இட்டார். ருஷ்ய மொழியிற் சுவெற் என்றாலும் நிறம் என்றே பொருள். தம் பெயரை முறைக்குள் ஒளித்து வைத்தாரோ என்று பிற்காலத்தார் வியப்பதுண்டு.

புரதங்களுக்கு ஏற்ற வழி பின்னர் வந்தது. 1959 இல் சுவீடன் தேசத்து உப்சாலா நகரில் பொராத், புளொடின் என்னும் இருவர், நுண்துளை நிறைந்த மணிகளைத் தூண் போன்ற குழாயில் நிரப்பிப் புரதங்களைப் பருமன் அளவிற் பிரித்தனர். பெரிய மூலக்கூறு துளைகளுள் நுழைய மாட்டாது. ஆகவே மணிகளின் இடையே நேர்வழி சென்று முதலில் வெளிவரும். சிறியதோ கண்ட துளையிலெல்லாம் நுழைந்து திரும்பிப் பிந்தி வரும். திருவிழா வீதியிற் பெரியோர் நேரே கோயிலுக்குச் செல்ல, பிள்ளைகள் கடை கடையாக நுழைந்து கடைசியில் வந்து சேர்வது போன்றது இது.

இன்றைய கருவியில் அத்தூணுக்குத் துணையாகப் பல உறுப்புகள் உள. கரைசலைச் சீராகத் தள்ளும் பம்பி ஒன்று. மாதிரியை வழியிற் சேர்க்கும் வால்வு ஒன்று. தூணிலிருந்து வருவதைக் கண்காணிக்கும் ஊதாக்கடந்த ஒளி விளக்கு ஒன்று. வெளிவரும் திரவத்தைச் சிறு குழாய்களில் வரிசையாகச் சேகரிக்கும் தட்டு ஒன்று. இவையனைத்தையும் கணனி ஆளுகிறது. எனினும் பொத்தானை அழுத்தியவுடன் நஞ்சு பிரிந்து வரும் என்று எண்ணுபவர் ஏமாறுவர். உழவன் விதைக்கும் நேரம் குறைவு, நிலத்தைப் பண்படுத்தும் நேரம் அதிகம். இங்கும் அவ்வாறே.

முதல் வேலை நீர். வன்னிக் கிணற்று நீரைக் காய்ச்சும் கேத்தலின் உள்ளே வெண்படலம் படிவதை வீட்டார் அறிவர். அத்தகைய உப்புகள் சிறிதும் இல்லாத தூய நீரிலேயே தாங்கற் கரைசலை ஆக்க வேண்டும். அமிலத்தன்மை கூடாமலும் குறையாமலும் புரதத்தைக் காப்பது இக்கரைசலே. அதனை 0.22 மைக்குரோமீற்றர் அல்லது 0.45 மைக்குரோமீற்றர் துளையுள்ள வடியினூடே வடித்து, பின்னர் வெற்றிடத்தில் வைத்துக் கரைந்துள்ள காற்றையும் நீக்குவர். தூசி போனாற் போதாதா, காற்று என்ன செய்யும் என்று மாணவர் கேட்பதுண்டு. பம்பியினுள் ஒரு குமிழி அகப்பட்டால் அமுக்கம் ஏறியும் இறங்கியும் ஆடும், ஓட்டம் சீர்கெடும். அதே குமிழி தூணுக்குள் புகுந்தால் மணிப்படுகையிற் பிளவு விழும். விலை மிக்க தூண் அன்றோடு பயனற்றுப் போதலும் கூடும்.

அடுத்தது, ஓய்விலிருக்கும் கருவியை எழுப்புதல். வேலையில்லாத நாள்களிற் பூஞ்சணமும் பற்றீரியாவும் வளராதபடி, குழாய்களிலும் தூணிலும் நூற்றுக்கு 20 பங்கு எதனோல் கலந்த நீரை நிரப்பி வைத்திருப்பர். அதன் மேல் நேரே உப்புக்கரைசலைச் செலுத்துதல் தவறு. மதுசாரத்தைச் சந்தித்த உப்பு படிந்து வழியை அடைக்கக்கூடும். ஆதலால் முதலில் தூணை இணைக்காமலே பம்பியை நீராற் கழுவி, குமிழிகளை வெளியேற்றுவர். பின்னர் துளியோடு துளி பொருந்துமாறு, இடையிற் காற்றுப் புகாமல், தூணைப் பொருத்துவர். எதனோல் கலந்த நீர் தனி நீரிலும் தடிப்பானது; எனவே தொடக்கத்தில் ஓட்டத்தைக் குறைத்து வைத்து, தூண் தாங்கக்கூடிய அமுக்கத்துக்கு மேல் ஏறினாற் பம்பி தானே நிற்கும்படி எல்லை குறித்து விடுவர். இவ்வெல்லையைக் குறிக்க மறப்பதே புதியவர் செய்யும் பெரும் பிழை.

நீர் சென்ற பின் தாங்கற் கரைசல் செல்லும். 24 மில்லிலீற்றர் கொள்ளளவுள்ள தூணாயின், அதன் இருமடங்காகிய 48 மில்லிலீற்றராவது ஓட வேண்டும். நிமிடத்துக்கு அரை மில்லிலீற்றர் வீதம் கணக்கிட்டால் 96 நிமிடம் ஆகும். அவ்வளவு நேரமும் திரையில் ஒரு கோடு மட்டுமே ஊர்ந்து கொண்டிருக்கும். அக்கோடு ஏற்றத்தாழ்வின்றிப் படுக்கையாக அமைந்தால் தூண் ஆயத்தமாயிற்று என்பது பொருள். பொறுமையில்லாதவன் இங்கே அரைமணி நேரத்தை மிச்சம் பிடிப்பான். பின்பு அரை வாரத்தை இழப்பான்.

இதன் பின்னரே நஞ்சு வரும். உலர்ந்த நஞ்சு மஞ்சள் நிறப் பொடி. மூச்சோடு செல்லாதபடி முகமூடியும் கையுறையும் அணிந்தே அதனைக் கையாள வேண்டும். தாங்கற் கரைசலிற் கரைத்து, விரைந்து சுழற்றும் பொறியில் இட்டு, கரையாத கசடுகளை அடியில் தங்கச் செய்து, மேலே நிற்கும் தெளிவை மட்டும் எடுப்பர். தூணின் கொள்ளளவில் நூற்றுக்கு 2 பங்குக்கு மேற்படாமல், அதாவது 24 மில்லிலீற்றர்த் தூணுக்கு ஏறக்குறைய அரை மில்லிலீற்றருக்குள், இடுதல் நன்று. கூடுதலாக இட்டால் கூட்டம் நெருங்கி, ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு வெளிவருவதுபோலப் புரதங்கள் கலந்தே வரும்.

வால்வு திரும்பியதும் நஞ்சு தூணுள் இறங்குகிறது. கண்ணுக்கு எதுவும் தெரியாது. ஆயினும் புரதங்களில் உள்ள சில அமினோ அமிலங்கள் 280 நனோமீற்றர் அலைநீளமுள்ள ஒளியை விழுங்கும் இயல்புடையன. ஆகவே ஒரு புரதம் விளக்கைக் கடக்குந்தோறும் திரையிற் கோடு மலைபோல் எழுந்து தாழும். இங்கே ஒரு நுட்பம் உண்டு. விளக்குக்கும் சேகரிக்கும் குழாய்க்கும் இடையிற் சிறிது தூரம் இருப்பதால், திரையில் தோன்றிய சிகரம் சிறிது பிந்தியே குழாயில் விழும். இந்த இடைவெளியைக் கணனிக்கு முன்கூட்டியே அறிவித்தல் வேண்டும். அறிவிக்காவிடின், குழாயின் மேல் எழுதிய இலக்கம் ஒன்றாகவும் உள்ளே இருக்கும் புரதம் வேறொன்றாகவும் முடியும்.

ஓட்டத்தின் நடுவே மின்சாரம் நின்றால் என்னாகும்? 2022 மார்ச் இறுதியில் இந்நாடெங்கும் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்வெட்டு நிகழ்ந்ததை நேயர்கள் மறந்திரார். பம்பி நின்ற தூணில், பிரிந்து நின்ற புரதங்கள் மெல்லப் பரவி மீண்டும் ஒன்றோடொன்று கலக்கும். ஆதலால் இத்தகைய கருவிக்கு மின்கலச் சேமிப்பு ஆடம்பரமன்று. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல், தொழில்நுட்ப பீடங்களும், வவுனியாவில் 2021 முதல் தனியானதொரு பல்கலைக்கழகமும் இயங்கும் இக்காலத்தில், கருவி வாங்கும் செலவோடு இதையும் சேர்த்து எண்ணுதல் தகும்.

வேலை முடிந்ததும் வந்த வழியே திரும்ப வேண்டும்: முதலில் நீர், பின்னர் 20 பங்கு எதனோல். உப்புக்கரைசலைப் பம்பியினுள் விட்டுவிட்டு வீடு சென்றால், அது உலர்ந்து பளிங்காகி மறுநாள் பம்பியின் உள்ளுறையை அரைக்கும். ஆயினும் கழுவுதலுக்கு இதனிலும் பெரிய காரணம் ஒன்று உண்டு. நேற்றைய நஞ்சின் மிச்சம் தூணில் ஒட்டியிருந்தால் இன்றைய குழாயில் வந்து சேரும். அதனாலேயே கவனமுள்ளோர் மாதிரி எதுவும் இடாது, வெறுங்கரைசலை மட்டும் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பர். அப்போது திரையில் ஒரு சிறு மேடு எழுந்தாலும் மறுபடி கழுவுவர்.

இது வெறும் சுத்தக்காரர் சடங்கு என்று கருதுவோர், வவுனியாவுக்கு அடுத்துள்ள அநுராதபுரத்தின் ரஜரட்டைப் பல்கலைக்கழகத்து அஞ்சன சில்வாவும், அவுஸ்திரேலியாவின் மொனாஷ் பல்கலைக்கழகத்து வேய்ன் ஹொட்சன் முதலானோரும் 2016 இல் வெளியிட்ட ஆய்வை நோக்குக. இலங்கைப் புடையனின் நஞ்சை அவர்கள் முதலிற் பருமன் அளவிற் பிரிக்கும் தூணிலும், பின்னர் எண்ணெய்த்தன்மையின் அளவிற் பிரிக்கும் உயரமுக்கத் தூணிலும் செலுத்தினர். ஒரு புரதம் தனியே கிடைத்தது. அதன் மூலக்கூற்று நிறை 13.6 கிலோ டால்ற்றன். முழு நஞ்சில் அதன் பங்கு நூற்றுக்கு 19.2. அதனைக் கோழிக்குஞ்சின் நரம்பும் தசையும் சேர்ந்த துண்டில் இட்டபோது, நரம்பின் தூண்டலுக்குத் தசை காட்டிய துடிப்பு சுமார் 55 நிமிடத்திற் பத்தில் ஒரு பங்காகக் குறைந்தது. தசைக்கு நேரே இட்ட இரசாயனத் தூண்டலுக்கோ அது முன்போலவே இயங்கியது. ஆகவே தசை கெடவில்லை. பழுது நரம்பின் நுனியில் என்பது தெளிவாயிற்று.

அவர்கள் மறுபுறமும் சோதித்தனர். இந்த ஒரு புரதம் இல்லாத நஞ்சைத் தசைத்துண்டில் இட்டனர், நரம்பு பாதிப்புறவில்லை. இமை தொங்கும் குறிக்கு முதன்மையான காரணி அகப்பட்டது. நீக்கிய புரதத்தின் சிறுபங்கு எஞ்சியிருந்து அந்த மிச்ச நஞ்சோடு சேர்ந்திருப்பின், இந்தச் சான்று குலைந்து போயிருக்கும். 96 நிமிடக் காத்திருப்பும் வெறுங்கரைசல் ஓட்டமும் இங்கேதான் தம் பயனைக் காட்டுகின்றன.

இவ்வாராய்ச்சி வயலில் இறங்குவோரைத் தொடும் இடம் ஒன்றுண்டு. இலங்கை வைத்தியசாலைகள் பயன்படுத்தி வந்திருக்கும் நச்சுமுறி மருந்து இந்தியாவில் ஆக்கப்படுவது. அதற்குரிய நஞ்சின் பெரும்பகுதி சென்னையை அடுத்த வடநெம்மேலியில், 1978 இல் தோன்றிய இருளர் கூட்டுறவுச் சங்கத்தாராற் பாம்புகளிலிருந்து எடுக்கப்படுகிறது. பாக்குநீரிணைக்கு அப்பால் ஓர் இருளர் பிடித்த பாம்பின் நஞ்சைக்கொண்டு ஆக்கிய மருந்தே, இப்பால் வன்னி உழவனின் நாளத்தில் ஏறுகிறது. அம்மருந்தைத் தூணிலிருந்து பிரித்த புரதத்தோடு சேர்த்துப் பார்த்தபோது, விதிக்கப்பட்ட அளவில் அதன் நரம்புத் தாக்கத்தை ஓரளவே தடுத்தது. இமைத் தொங்கல் பெரும்பாலும் கடுமையற்றது. சில நாள்களில் நீங்குவது. இரத்தத்தையும் சிறுநீரகத்தையும் தாக்கும் கேடே உயிருக்கு அதிக ஆபத்து. அதற்காகவே நேரம் தாழ்த்தாது கடியுண்டவரை வைத்தியசாலைக்குக் கொண்டு செல்கின்றனர். எனினும் இலங்கைப் புடையனின் நஞ்சை முழுவதும் கட்டும் மருந்தொன்றை ஆக்க முயல்வோருக்கு, எந்தப் புரதத்தை நோக்கி ஆக்க வேண்டும் என்பதை அந்தச் சிறு குழாய் காட்டிவிட்டது. குளிர்ப்பெட்டியில் வைக்கும்போது அதன் மேல் பாம்பின் பெயரும் தூணின் பெயரும் திகதியும் எத்தனையாவது குழாய் என்னும் இலக்கமும் எழுதப்பட்டிருக்கும்.