எதுவும் வாங்காத நாள்

அமெரிக்காவில் நவம்பர் மாத நான்காம் வியாழன், நன்றி நவிலும் நாள். மறுநாளே கிறிஸ்துமஸ் தள்ளுபடி. விடியுமுன்பே கடை வாசலில் கூட்டம் முண்டியடிக்கும். அந்த வெள்ளிக்கிழமையைச் சிலர் ‘எதுவும் வாங்காத நாள்’ என்று கடைப்பிடிக்கிறார்கள். கனடாவின் வான்கூவரில் டெட் டேவ் என்ற கலைஞர் 1992இல் தொடங்கிவைத்தது இது.

அன்று கையில் கத்தரிக்கோலோடு கடை வளாகத்தில் நின்று, ‘உங்கள் கிரெடிட் கார்டை வெட்டித் தரட்டுமா?’ என்று கேட்பவர்கள் உண்டு. காலித் தள்ளுவண்டியோடு கடைக்குள் மௌனமாகச் சுற்றிவருபவர்களும் உண்டு.

என் மனசுக்கு நெருக்கமானது அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் நடப்பதுதான். அலமாரியில் சும்மா தொங்கும் குளிர்கோட்டுகளை அன்று கொண்டுவந்து கொடுக்கிறார்கள். தேவைப்பட்டவர் அளவு பார்த்துப் போட்டுக்கொண்டு போகலாம். காசு தர வேண்டியதில்லை. பனி கொட்டும் ஊரில் இதைவிடப் பெரிய பண்டிகைப் பரிசு எது?