ஓடை வண்டலும் தலையெழுத்தும்
(எட்டயபுரத்தில் செய்த பிரசங்கம்)

ஆற்றில் முழுகினால் பாவம் கரையும் என்கிறார்கள். பாவம் கரைந்ததை யாரும் கண்டதில்லை. மலை கரைந்து வந்ததை வைப்பாற்று மணலில் யாரும் அள்ளிப் பார்க்கலாம்.

வெயிலாலும் மழையாலும் பாறை பொடியாகிறது. அப்பொடியை ஓடை அடித்து வருகிறது. ஆகவே படுகையில் எடுத்த ஒரு பிடி வண்டலில், மேலே அவ்வோடைக்குத் தண்ணீர் வடிகிற நிலம் முழுவதின் அம்சமும் இருக்கும். (ஊருக்குக் கீழே எடுத்தால் ஊர்க் குப்பைதான் சாட்சி சொல்லும்!)

1851-ல் ஏற்பட்ட இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையார் 2 கிலோமீட்டர் சதுரக் கட்டங்களாக நிலத்தைப் பிரித்து, வண்டல் எடுத்து, சலித்த நைசான தூளில் மூலகங்களை அளக்கிறார்கள். குரோமியமும் நிக்கலும் மிகுந்தால் மேலே மக்னீசியமும் இரும்பும் நிறைந்த கரும்பாறை இருக்கலாமென்றும், தோரியம் மிகுந்தால் கிரானைட்டு வகையென்றும் ஊகித்து, படம் வரைகிறார்கள். வெற்றிலையில் மை போட்டுப் பார்ப்பவரிடம் இப்படி ஒரு கணக்குண்டா?

அவர்கள் அளப்பவற்றில் ஃப்ளோரினும் ஒன்று. நமக்கு முக்கியம் அதுதான். நம் ஜில்லாவில் சில கிராமங்களின் கிணற்று நீரில், பாறையிலிருந்து கரைந்த ஃப்ளோரைடு மிகுந்திருக்கிறது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேற்பட்டால் குழந்தைகளின் பல்லில் கறை படியும். மிகவும் கூடி, பல வருஷம் குடித்தால் எலும்பு இறுகி, முதுகு வளையும். நெல்லூர் பக்கத்தில் 1937-லேயே டாக்டர்கள் இதைக் கண்டு எழுதினார்கள். அப்படியிருக்க, இன்றும் பூர்வ ஜென்ம கர்மமென்று பரிகாரம் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். நாம் கேட்கிறோம்: ஒரே கிணற்றில் குடித்தவர்களெல்லாம் பூர்வ ஜென்மத்தில் ஒரே பாவத்தையா செய்தார்கள்? பக்கத்துக் கிணற்றுக்காரர் மட்டும் புண்ணியவான்களோ? அந்த நல்ல கிணற்றில் எல்லா ஜாதியாரும் மொள்ளலாமா என்பதையும் சேர்த்தே கேட்கிறோம்.

வண்டல் படம் கிணற்றை அளந்துவிடாது. எந்தப் பக்கத்துக் கிணறுகளை முதலில் சோதிக்கவேண்டுமென்று வழி காட்டும், அவ்வளவே. ஆதலால் சுத்தமான போத்தலில் உங்கள் கிணற்று நீரைப் பிடித்துக் குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைச் சாலைக்குக் கொண்டுபோங்கள். காய்ச்சிக் குடித்தால் போதுமென்று எண்ணிவிட வேண்டாம். காய்ச்சக் காய்ச்சத் தண்ணீர்தான் சுண்டும். ஃப்ளோரைடு சட்டியிலேயே நிற்கும்.